இறங்கினவனுக்குப் பங்கில்லை

அத்தியாயம் 11

போன வாரம் கேப்டனைத் திட்டி எழுதியவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த மனுஷன் மேல் தப்பில்லை. தப்பு யார் மேல் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு திட்ட மனசு வருமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. பழவேற்காடு ஏரிக்குள்ளே இருக்கிற பசியாவரத்து இளவழகன் ஏஜென்டுக்குப் பணம் கட்டி, சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போனான். அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கப்பல் வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது, போட்டதுதான். முதலாளி ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். முதலில் சம்பளம் நின்றது. அப்புறம் டீசல் நின்றது. அப்புறம் காய்கறி நின்றது. ஒருவழியாக, ஆட்களை ஊருக்கு அனுப்பலாம் என்று அந்த நாட்டுக் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் கப்பலை ஆளில்லாமல் விட முடியாதாம், ஒருத்தன் மட்டும் நிற்க வேண்டுமாம். அந்த ஒருத்தன் நம்ம இளவழகன். கேப்டன்தான் அவனை மாட்டிவிட்டார் என்று போன வாரம் எல்லாரும் நினைத்தோம்.

அவன் பெண்டாட்டி கலைவாணி, சேதி கேட்ட நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், கலைவாணியும் மாமனார் பச்சைமுத்துவும். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. மாமனார் தங்கமான மனுஷன். மருமகளை ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது. ஒரு வார்த்தைகூடப் பேசியது கிடையாது என்று சொன்னாலும் பொய்யில்லை.

"சோறு போடட்டா மாமா?"

"ம்."

"வாடைக்காத்து இன்னிக்கு ஜாஸ்தியா கீதில்ல?"

"ம்."

இதற்கு மேல் என்னத்தைப் பேசுவது? கலைவாணி சில நாள் வேண்டுமென்றே பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள். வீட்டில் ஏதாவது சத்தம் கேட்க வேண்டாமா?

இன்றைக்கு விடியும் முன்பே பச்சைமுத்து கிளம்பிப் போய்விட்டார். ஏரியில் எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதைப் பாடு என்பார்கள். இன்று அவருடைய பாடு. பாடு நாளில் போனை எடுத்துப் போக மாட்டார். "தண்ணில வுழுந்தா எவன் வாங்கித் தருவான்?" என்று கேட்டு அலமாரியிலேயே வைத்துவிடுவார்.

கலைவாணி படகேறிப் பழவேற்காட்டுக்கு வந்தாள். அங்கே மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் நண்டு பிரிக்கிற வேலை அவளுக்கு. பெரிசு ஒரு கூடை, சிறிசு ஒரு கூடை, கால் ஒடிந்தது ஒரு கூடை. கை வேலை செய்துகொண்டிருக்க, மனசு கடல் தாண்டி நின்றது.

அப்போதுதான் போன் வந்தது. சென்னையில் மாலுமிகள் சங்கத்தில் வேலை பார்க்கும் அனிதா. இந்தக் கேஸை முதல் நாளிலிருந்து பார்ப்பவள் அவள்தான்.

"கலைவாணி, ஒரு விஷயம் கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஊருக்கு வர இஷ்டம் இல்லையா?"

"இன்னா மேடம் இப்படி கேக்குறீங்க?"

"இப்பதான் கேப்டன்கிட்ட பேசினேன். அவர் யாரையும் கட்டாயப்படுத்தலையாம். சீட்டு எழுதிப் போட்டுப் பாக்கலாம்னாராம். அதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் முன்னாடி வந்து, 'வேணாம் சார், நான் நிக்கிறேன்'னு சொல்லியிருக்கார்."

கலைவாணி கையிலிருந்த நண்டு தப்பான கூடையில் விழுந்தது.

"லைன்ல இருக்கீங்களா? கேளுங்க. இன்னிக்குச் சாயங்காலம் மத்தவங்களைக் கரைக்குக் கூட்டிட்டுப் போக போட்டு வருது. அது கிளம்பற வரைக்கும் நேரம் இருக்கு. 'எனக்கு இஷ்டம் இல்ல, நானும் வரேன்'னு அவர் வாயால கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். காவலுக்குத் துறைமுகத்துக்காரங்க ஆள் பாத்துப்பாங்க."

"சொல்லலன்னா?"

"எல்லாரும் போய் இவர் மட்டும் நின்னுட்டா, கப்பலுக்கு இவர்தான் பொறுப்பாளி. மாத்து ஆள் வராம இறக்க மாட்டாங்க. கப்பல் ஏலம் போற வரைக்கும்கூட இழுக்கும். வருஷக்கணக்கா தனியா நின்னவங்களையும் நான் பாத்திருக்கேன்."

"எறங்கிட்டா சம்பளம் போயிடுமா மேடம்?"

"எதுக்குப் போகும்? கப்பல வித்த காசுல மாலுமி சம்பளம்தான் முன்னாடி நிக்கும். மத்த கடன்காரன் எல்லாம் அப்புறம்தான். அவர் கப்பல்ல இருந்தாலும் ஒண்ணுதான், வீட்டுல இருந்தாலும் ஒண்ணுதான். இத அவர்கிட்ட சொல்லுங்க. உங்களுக்கு போன் பண்ணச் சொல்லியிருக்கேன்."

சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்தில் இளவழகன் கூப்பிட்டான். கலைவாணி கொட்டகைக்கு வெளியே ஓடி வந்தாள்.

"கலை."

"சார்ஜ் எவ்ளோ கீது?"

புருஷன் பெண்டாட்டி நலம் விசாரிக்கிறது இப்படி ஆகிவிட்டது. கப்பலில் கரண்ட் இல்லை. எப்போதாவது ஜெனரேட்டரைப் போடும்போது எல்லாரும் வரிசையில் நின்று சார்ஜ் ஏற்ற வேண்டும்.

"கொஞ்சம்தான் கீது. ஜல்தியா சொல்லு."

"நீயா போய் நிக்கிறேன்னு சொன்னியா?"

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது.

"சொல்லுய்யா. நீயாவா சொன்ன?"

"ஆமா."

"இன்னாத்துக்கு? இங்க ஒருத்தி கீறான்னு ஞாபகமே இல்லையா உனக்கு?"

"நைனாதான் நிக்கச் சொன்னாரு."

ஆமாம், பச்சைமுத்துதான். ஒரு ம்முக்கு மேல் வாய் திறக்காத மனுஷன், மகனிடம் மட்டும் வாய் திறந்திருக்கிறார்.

"போன வாரம் நீ வேலைக்கிப் போயிருந்தப்ப அவருகிட்ட பேசினேன். நடுக்கடல்ல போட்ட வுட்டு எறங்கி வந்தவனுக்கு மீனுல பங்கு கெடையாது, எல்லாரும் போனாலும் நீ போவாத, கடேசி வரைக்கும் நில்லு, அப்பதான் காசு கேக்க வாயிருக்கும்னாரு."

"அய்யோ! அது நம்ம ஊரு போட்டுக்குய்யா. அனிதா மேடம் இப்பதான் சொன்னாங்க. எறங்கினாலும் சம்பளம் எங்கியும் போவாதாம். சட்டமே அப்படித்தானாம்."

"ஏஜென்டும் இப்படித்தான் சொன்னான் கலை. பேப்பர்ல அச்சடிச்சே குடுத்தான். இங்க வந்து போறவன் ஒவ்வொருத்தனும் அடுத்த வாரம் காசு வந்துடும்னு சொல்லிட்டுத்தான் போறான். எல்லாம் டபாய்க்கிறானுங்க. இனிமே எவன் சொன்னாலும் என் காதுல ஏறாது."

"நான் சொன்னாகூடவா?"

"உனக்கு நான் வந்தாப் போதும்னு இருக்கும். காசு வரலன்னா ஏஜென்டுக்கு வாங்கின கடன நைனா இல்ல தலையில தூக்கணும்? அவரு எறங்குன்னு சொல்லட்டும், எறங்குறேன்."

"உனக்கு அங்க நிக்கணும்னு ஆசையா?"

"எல்லாரும் பெட்டி கட்டிட்டாங்க. கூட வேலை செய்யிற ரஞ்சித்து ஷேவ் பண்ணிக்கினு பாட்டு பாடுறான். ஒரே சிரிப்பு. கேக்குதா உனக்கு?"

கேட்டது. தூரத்தில் ஆம்பளைகள் கூடிச் சிரிக்கிற சத்தம். இளவழகன் அதிலிருந்து தள்ளி வந்து, தனியாக எங்கேயோ நின்று பேசுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"மாமாகிட்ட போனு இல்லய்யா. பாடுக்குப் போயிருக்காரு."

"போய்ப் பாரு. நான் போன அமுத்தி வெக்கிறேன், சார்ஜ் நிக்காது. போட்டு வந்ததும் ஆன் பண்றேன். அப்ப நைனா பேசட்டும்."

கலைவாணி கூடையை அப்படியே போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினாள்.

துறையில் பூநாரை பார்க்க வந்த கூட்டம். கூலிங் கிளாஸும் தொப்பியுமாக நாலு பேர் வரதனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வரதன் ஆள் ஏற்றுகிற போட்டு வைத்திருப்பவன், பசியாவரத்துக்காரன்தான். கலைவாணி அவர்களை ஒதுக்கிவிட்டு நேராகப் போட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வரதண்ணே, பாடு எடத்துக்குப் போ. மாமாவப் பாக்கணும்."

வரதன் சிரித்தே விட்டான். "காலைலயே வெளாட்டா? பாடு எடத்துக்கு எந்தப் பொம்பள வந்திருக்கா? உன்ன இட்டுனு போனா ஊரு கூடி எனக்கு இல்ல தெண்டம் போடுவாங்க?"

"நான் கட்டுறேன் தெண்டத்த."

"வெவரம் இல்லாம பேசாத. பெரியவரு சாயந்தரம் வந்துடப் போறாரு. வூட்லயே பேசிக்க."

"சாயந்தரம் பேசினா என் புருஷன் வர மாட்டாருண்ணே."

அவள் சொன்ன விதத்தில் வரதனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கூலிங் கிளாஸ்காரர்களிடம் "வேற போட்டு பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு இன்ஜினைக் கிளப்பினான்.

கிளப்பி என்ன பிரயோஜனம்? தண்ணீர் வற்றிக் கிடந்தது. பாதி வழியில் போட்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. வரதன் இறங்கித் தள்ளினான். கலைவாணியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினாள். முழங்கால் வரைக்கும் சேறு. தள்ளிக்கொண்டே நடுநடுவே போனைப் போட்டுப் பார்த்தாள். ஸ்விட்ச் ஆஃப். கொஞ்ச தூரம் போனால் சிக்னலே இல்லை. ஏரிக்குள் அது இருக்கிற இடத்தில் இருக்கும், இல்லாத இடத்தில் இருக்காது. வெயில் மேற்கே சரிய ஆரம்பித்த பிறகுதான், ஏரி கடலைச் சேருகிற, பாடு நடக்கிற முகத்துவாரம் கண்ணுக்குத் தெரிந்தது.

பச்சைமுத்துவும் கூட்டாளிகளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையை வளைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பொம்பளை போட்டில் வருவதைப் பார்த்ததும் எல்லார் கையும் நின்றது.

"யாரு செத்துட்டாங்க?" என்றார் பச்சைமுத்து. வேறு எதற்கு ஒருத்தி இங்கே வருவாள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"யாரும் சாவல மாமா. உங்க புள்ளைய எறங்கி வரச் சொல்லுங்க."

"இத இங்க வந்துதான் பேசணுமா? வரதா, உனக்கும் புத்தி இல்லையா? திருப்பு போட்ட."

"திருப்பாதண்ணே!" கலைவாணியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மாமா, அங்க ஆளுங்கள ஏத்தினு போற போட்டு கெளம்புறதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னாத்தான் எறங்குவேன்னு நிக்கிறாரு. இல்லன்னா வருஷக்கணக்குல அந்தக் கப்பல்ல தனியா கெடக்கணும். தனியா மாமா. பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு இல்லாம."

பச்சைமுத்து கயிற்றை விடவில்லை. ஆனால் வாயைத் திறந்தார். கலைவாணி அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவர் இத்தனை பேசிக் கேட்டதில்லை.

"நான் இன்னா அவனுக்குக் கெடுதலா சொன்னேன்? அந்தக் கப்பலு ஓடுச்சா? சரக்கு ஏத்துச்சா? எறக்குச்சா? இத்தினி மாசமா சும்மா குந்தினு இருந்தவனுக்கு எவன் காசு குடுப்பான்? மீனு படாத நாள்ல நம்ம போட்டுக்காரன்கிட்ட போயி பங்கு குடுன்னு கேப்பமா? கேட்டா காறித் துப்ப மாட்டான்? அதான் சொன்னேன், காவலாவது நில்லுடான்னு. காவ காத்தேன், கூலி குடுன்னு கேட்டா அதுல ஒரு ஞாயம் கீது."

கூட நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது. வரதனுக்கும் பட்டது. நீங்களும் நானும் மாசமானால் சம்பளம் வாங்குகிறவர்கள், நமக்குச் சிரிப்பு வரலாம். பிறந்ததிலிருந்து பங்கு மட்டுமே வாங்கிப் பிழைத்தவர்களுக்கு, ஓடாத கப்பலில் உட்கார்ந்திருந்ததற்குக் காசு கேட்பது மானக்கேடு.

"மாமா, அது பங்கு. மீனு பட்டா உண்டு, படலன்னா இல்ல. இவரு வாங்குறது சம்பளம். கப்பலு ஓடினாலும் குடுக்கணும், ஓடலன்னாலும் குடுக்கணும். ஓடாதது இவரு குத்தமா? மொதலாளி ஓடிட்டான்."

"எறங்கிட்டா?"

"எறங்கினாலும் குடுக்கணும். கப்பல வித்து மொத காசு இவங்களுக்குத்தான்."

"ஓடாத கப்பலுக்கா?"

"ஓடாத கப்பலுக்குத்தான்."

பச்சைமுத்து கூட்டாளிகளைப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள்.

"காசு வரலன்னாகூட போவுது மாமா," என்றாள் கலைவாணி. இப்போது அழுதுகொண்டிருந்தாள். இத்தனை ஆம்பளைகள் பார்க்கிறார்களே என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. "நான் அந்த வூட்ல யாரோட பேசுறது? எது கேட்டாலும் நீங்க ம்னு சொல்லிட்டுப் போறீங்க. பாத்திரத்தோட பேசினு கீறேன் நானு. அங்க அவரு, இங்க நானு. எனக்குப் பயமா கீது மாமா."

கூட்டாளிகள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பச்சைமுத்துவின் முகத்தில் சட்டென்று வயசு ஏறிவிட்டது.

"போனு போடு," என்றார்.

போட்டாள். சிக்னல் இல்லை. போட்டின் மூக்கில் ஏறி நின்று, கையைத் தூக்கிப் பிடித்து மறுபடியும் போட்டாள். மூன்றாம் தடவை மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இறங்கி, மாமனாருக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்று போனை நீட்டினாள்.

"நைனா?"

"டேய், எறங்கி வந்துடுடா."

"இன்னா நைனா? காத்துல ஒண்ணும் கேக்கல."

"எறங்குடா! கப்பல வுட்டு எறங்கி வாடா! பங்கும் வேணா, ஒரு மயிரும் வேணா, நீ எறங்கி வாடா!"

இந்தத் தடவை கேட்டிருக்க வேண்டும்.

"போட்டு கெளம்பிடுச்சு நைனா."

கலைவாணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கடலு ஏறுதுன்னு போட்டுக்காரன் சீக்கிரமே வந்துட்டான். போன ஆன் பண்ணி கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன். கலைக்கு லைனு போவல. கேப்டன் கேட்டாரு, நிக்கிறியான்னு. நிக்கிறேன்னுட்டேன்."

"கத்துடா! கூப்புடுடா அவங்கள!"

"தூரம் போயிட்டாங்க நைனா. கைய காட்டினே போறாங்க." பிறகு, அப்பாவைத் தேற்றுகிற மாதிரி சொன்னான்: "ஒண்ணும் இல்ல, அரிசி கீது, தண்ணி கீது. நீ சொன்ன மாதிரியே நின்னுட்டேன் நைனா. கலைகிட்ட சொல்லு..."

லைன் அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். என்ன சொல்லச் சொன்னான்? இனி எப்போது சார்ஜ் ஏற்றி, எப்போது அதைச் சொல்வான்? அந்தக் கப்பலில் இப்போது ஜெனரேட்டர் போடக்கூட அவன் ஒருத்தன்தான்.

"அண்ணே, வலைய இழுத்துடலாமா?" என்று கூட்டாளி ஒருத்தர் மெதுவாகக் கேட்டார்.

பச்சைமுத்து கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீரில் நடந்து போய் வரதன் போட்டில் ஏறினார். "அண்ணே, பாடு பாதியில கீது" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. பாடு நாளில் வலையை விட்டு அவர் கரையேறி யாரும் பார்த்ததில்லை.

போட்டு கிளம்பியது. கலைவாணி ஒரு ஓரம், அவர் ஒரு ஓரம். அவளுக்கு அவரைத் திட்டிக் கொட்ட வேண்டும் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. வரதன் இரண்டு பேரையும் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தே ஓட்டினான்.

கரை தெரிகிற நேரத்தில் பச்சைமுத்து கேட்டார்.

"இனிமே அவன எறக்க வழியே இல்லையா?"

"மாத்து ஆளு வந்தா எறக்குவாங்களாம். அந்தக் கப்பலுக்கு எவன் மாமா மாத்து ஆளா போவான்? காய்கறி இல்ல, கரண்ட் இல்ல, பேச ஆளில்ல."

"இன்னா வேலை அதுல? சும்மா காவ காக்குறதுதான?"

"ஆமா."

"அதுக்கு இங்கிலீஷு தெரியணுமா?"

கலைவாணி திரும்பி அவரைப் பார்த்தாள். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சங்கத்துப் பொண்ணுக்கு போனு போடு," என்றார் பச்சைமுத்து. "என் வயசுக்காரனுக்கு பாஸ்போர்ட் குடுக்க எத்தினி நாளு ஆவும்னு கேளு."